முந்தானையில் அத்னான்

தீனதயாளன் பயந்த சுபாவக்காரன். இதை அவனே ஒத்துக்கொள்வான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவன் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பி, எதிராளி அதைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் பதில் போடாமல் இருந்தால் போதும், என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அந்த ஒரு வரியையே பத்துத் தடவை படிப்பான். இருபத்தெட்டு வயதில் இப்படி ஒருவன் இருக்கலாமா என்றால், இருந்தான்.

ராசிபுரத்தில் சண்முகவேல் நடத்தும் டிசைன் சென்டரில் அவனுக்கு ஏழு வருஷமாக வேலை. பட்டுச்சேலையின் கரை, உடலில் வரும் புட்டா, முந்தானை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட வேண்டும். ஒரு கட்டம் என்பது தறியில் ஓர் இழை. போட்டு முடித்ததைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தால், நெசவாளி வீட்டுத் தறிமேல் இருக்கும் பெட்டியில் அதைச் செருகிக்கொள்வார்கள். பிறகு பெட்டி சொல்லும் இழையைத் தறி தூக்கும். ஒரு கட்டம் பிசகினால் மாங்காய்ப் புட்டாவின் மூக்கு கோணிவிடும். இந்த வேலைக்குப் பயந்தவன்தான் லாயக்கு என்று சண்முகவேல் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். தீனாவுக்கு அது பாராட்டா கிண்டலா என்று கடைசிவரை தெரியவில்லை.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அவன் இடது கை தானாகவே போய் ஃபைலை சேவ் பண்ணிவிடும். கரன்ட் போய்விட்டால்? கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டுவிட்டால்? மூளையைக் கேட்காமலே கை அந்தக் காரியத்தைச் செய்துகொண்டிருந்தது. இந்தக் கைதான் அவனைக் கவிழ்த்தது.

அவனுக்கு உலகத்தில் இரண்டே நண்பர்கள். சேலத்தில் டிப்ளமோ படித்த காலத்திலிருந்து கூட இருப்பவர்கள். ஒருத்தி நர்மதா, நாமக்கல்லில் முட்டை ஏற்றுமதி செய்யும் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவள். இன்னொருவன் அத்னான், சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அவன் அத்தா கரீம் பாஷாவின் பை, பெட்டிக் கடையைப் பார்த்துக்கொள்பவன். வழுக்கி விழுந்து கரீம் பாஷாவின் இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து கடை முழுக்க அத்னான் தலையில்தான்.

மூவருக்கும் சேர்த்து வாட்ஸப்பில் ஒரு குரூப். பெயர் 'சோத்துக்கப்புறம்'. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மூவரும் செல்போனில் ஒரு துப்பாக்கி விளையாட்டுக்குள் இறங்குவார்கள். வானத்திலிருந்து குதித்து, காலி வீடுகளில் புகுந்து, கிடைத்த துப்பாக்கியைப் பொறுக்கி, கடைசிவரை சாகாமல் இருக்க வேண்டும். நர்மதா புலி. தீனா புதருக்குள் படுத்தே கடைசி பத்துப் பேருக்குள் வந்துவிடுவான். அத்னானின் ஆள் மட்டும் இந்த ஒரு வருஷமாக நட்டநடு ரோட்டில் சும்மா நிற்பான். யாராவது சுட்டுவிட்டுப் போவார்கள். "பாய் சிலையாயிட்டாரு, மாலை போடுங்க" என்று நர்மதா குரல் கொடுப்பாள். அதை வைத்தும் மீம் போட்டார்கள்.

விளையாட்டு போக, பாட்டு. நர்மதா கொரியாவிலிருந்து ஏதாவது இறக்குவாள். தீனா பழைய படங்களின் பின்னணி இசையை மட்டும் வெட்டி அனுப்புவான். அத்னான் அனுப்புகிற பாட்டெல்லாம் மெதுவாக, அழுவதுபோல இருக்கும். "இதுக்கு நாங்க சிரிக்கணுமா, சாகணுமா?" என்பாள் நர்மதா.

இதற்கெல்லாம் மேலே ஒரு சடங்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வாரத்தின் சிறந்த மீம் எது என்று மூவரும் ஓட்டுப் போடுவார்கள். ஜெயித்ததைத் தீனா சேலை டிசைனாக மாற்றிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பூனை, அழுகிற குழந்தை, தொப்பை தடவும் மாமா என்று எத்தனையோ அப்படிப் புட்டாவாகியிருக்கின்றன. அதிகம் ஜெயித்தது அத்னானின் முகம்தான். போன வருஷம் பஸ்ஸில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியவனைத் தீனா படம் எடுத்து, முகத்தை மட்டும் வெட்டி, ஸ்டிக்கராக்கியிருந்தான். நல்ல செய்திக்கும் அந்த ஸ்டிக்கர், கெட்ட செய்திக்கும் அந்த ஸ்டிக்கர். அத்னானே அதைப் போடுவான்.

இப்போது அத்னானின் அக்கா அஸ்பியாவுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ், திங்கட்கிழமை வலீமா விருந்து. நிக்காஹுக்கு மாப்பிள்ளை வீட்டுச் சேலை, விருந்துக்கு அம்மா வீட்டுச் சேலை என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அந்த அம்மா வீட்டுச் சேலையைப் போட்டுத் தரும் பொறுப்பை அத்னானின் அம்மா மஸ்தான் பீவி தீனாவிடம்தான் கொடுத்தார். கடைக்கே போகவில்லை. "எங்க தீனா இருக்கறப்போ கடை எதுக்கு?" என்றார். ஒரே ஒரு நிபந்தனை. மயில், அன்னம், யானை எதுவும் கூடாது. உயிருள்ள எதன் உருவமும் சேலையில் வரக் கூடாது. கொடியும் மாங்காயும் போதும்.

தீனா அந்த மாங்காயை எட்டு நாள் போட்டான். தன் தங்கைக்கென்றால்கூட அவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டான். உடல் பாகத்தை முன்பே கொடுத்து, ஆண்டகளூர் கேட் பக்கம் ராமாத்தாள் வீட்டுத் தறியில் அது ஓடிக்கொண்டிருந்தது. முந்தானை வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிந்தது. அதே சாயங்காலம் ஓட்டெடுப்பில் அத்னான் முகம் மறுபடி ஜெயித்தது.

முந்தானை ஃபைல் கண்முன் திறந்து கிடந்தது. அக்காவின் சேலையில் தம்பியைப் போட்டுக் காட்டினால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. மாங்காயை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் முகத்தை நிரப்பினான். படம் எடுத்து அனுப்பினான். நர்மதா விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா பாத்தா என்னைய வீட்ட விட்டு அனுப்பிருவாங்க" என்று அத்னான் போட்டான். தீனா சிரித்துக்கொண்டே, செய்ததையெல்லாம் பின்னோக்கி அழித்து மாங்காயைக் கொண்டுவந்தான். மூடும்போது, சேவ் பண்ணவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நல்ல ஃபைலைத்தான் ஏற்கெனவே சேவ் பண்ணியாயிற்றே, இந்தக் கூத்து எதற்கு என்று வேண்டாம் சொல்லி மூடினான். முகங்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது தன் இடது கை எத்தனை தடவை போய் வந்தது என்பது அவனுக்குத் தெரியாது. சனிக்கிழமை காலை ராமாத்தாளின் வீட்டுக்காரர் சிவக்குமார் வந்து அவசரப்படுத்திப் பென் டிரைவை வாங்கிப் போனார்.

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு நர்மதா குரூப்பில் அந்தப் படத்தை மறுபடி போட்டாள். "அஸ்பியாக்கா இதையே கட்டிக்கட்டும், மாப்ள ஊட்டுக்காரங்க பயந்துக்குவாங்க" என்று எழுதியிருந்தாள். தீனா சிரித்தான். சிரித்தவனுக்கு, சும்மா ஒருமுறை ஃபைலைப் பார்த்துவிடுவோமே என்று தோன்றியது. அவனுக்குத்தான் எதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமே.

திறந்தான். முந்தானை முழுக்க அத்னான் வாயைப் பிளந்துகொண்டிருந்தான்.

தீனா செல்போனை எடுத்தான். ராமாத்தாளுக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. சிவக்குமாருக்குப் போட்டான், அது அணைந்து கிடந்தது. சண்முகவேலிடம் வயிற்றுவலி என்றான், அதில் பொய் ஒன்றும் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஆண்டகளூர் கேட் போகும் ரோட்டில் போனபோது, முந்தானை இன்னும் ஆரம்பித்திருக்காது, உடலே இன்னும் அரை முழம் பாக்கி இருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனான். ஒரு லாரிக்காரர் அவனைத் திட்டிவிட்டுப் போனார். அது காதில் விழவில்லை.

ராமாத்தாள் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். கை ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, நிறுத்துங்க!"

"ஏஞ் சாமி, என்னாச்சு? இப்படி மூச்சு வாங்குது?"

"முந்தி ஆரம்பிச்சுட்டீங்களா?"

"காலையிலயே ஆரம்பிச்சாச்சுங்க. மூணு வரிசை ஓடிருச்சு."

தறியில் சேலையின் நல்ல பக்கம் கீழே பார்த்தபடி இருக்கும். நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது பின்பக்கத்துச் சரிகை மட்டும்தான், அதில் மாங்காயும் ஒன்றுதான் மனிதனும் ஒன்றுதான். தீனா தரையில் மல்லாந்து படுத்து, செல்போன் வெளிச்சத்தை மேலே அடித்துப் பார்த்தான். அரக்குப் பட்டில் தங்கச் சரிகையில், வரிசைக்கு எட்டாக இருபத்துநாலு அத்னான். அவன் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான். ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை.

ராமாத்தாளும் குழியிலிருந்து ஏறி வந்து, குனிந்து எட்டிப் பார்த்தார்.

"மாங்காய்க்கு எதுக்கு இத்தன ஓட்டைன்னு நானும் நெனச்சேன். யாருங்க சாமி இது?"

"கல்யாணப் பொண்ணோட தம்பிங்கக்கா."

"பொண்ணோட தம்பிய எதுக்கு முந்தில போட்டீங்க?"

அதற்குப் பதில் சொல்வது லேசில்லை. விளையாட்டு, குரூப், வெள்ளிக்கிழமை, ஓட்டு என்று என்னவோ உளறினான். ராமாத்தாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளையாடறதுக்கு எங்க தறிதான் கெடைச்சுதுங்களா? குழியில ஒக்காந்து ஒக்காந்து காலு மரத்துப் போயிக் கெடக்கறேன். நீங்க செல்போன நோண்டிச் சிரிச்சுக்கிட்டு இருக்கறீங்க" என்றார். தீனா தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் மட்டும் பத்து வயசுப் பையனாக இருந்திருந்தால் அடியே விழுந்திருக்கும்.

கோபம் தணிந்ததும் அவரே வழியும் சொன்னார். குறுக்கே ஓடிய ஊடை இழையைப் பிரித்து எடுக்கலாம். ஒரு நாள் முழுக்க ஆகும், அத்தனை சரிகையும் வீண், நீளவாக்கில் ஓடும் பாவு இழையும் கொஞ்சம் நைந்துதான் போகும். சரியான முந்தியை மறுபடி நெய்ய இரண்டு நாள். நாளைக்கு விடிந்ததும் பிரிக்க ஆரம்பித்தால் சனிக்கிழமை குஞ்சம் கட்டிக் கையில் கொடுத்துவிடலாம். இல்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது.

"இதோட நிறுத்திப்போட்டு, இங்கிருந்து மாங்காயப் போட்டுக்கலாங்க. இந்த மூணு வரிசை தோளுக்குப் பின்னால போயிரும். தலையில முக்காடு போட்டுக்குவாங்கல்ல, அதுல மறைஞ்சுரும். ஆரு பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கப் போறாங்க? நீங்களும் நானும் சொன்னாத்தானே."

சொல்லிவிட்டு அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போனார். தீனா தறியின் பக்கத்தில் உட்கார்ந்தான். ராமாத்தாள் சொன்னது உண்மைதான். யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் மனசு அதோடு நிற்குமா? விருந்தில் ஏதாவது ஒரு குழந்தை சேலையைப் பிடித்து இழுத்து, "மாமா மூஞ்சி" என்று சொல்லும். நர்மதா போட்ட படம் எங்காவது சுற்றி வரும். பத்து வருஷம் கழித்து அஸ்பியா அந்தச் சேலையை எடுத்து உதறும்போது வெளிச்சம் சரியான கோணத்தில் விழும். அதற்கப்புறம் அந்த வீட்டில் எப்படிச் சோறு தின்பது? எங்க தீனா இருக்கறப்போ கடை எதுக்கு என்று சொன்ன மனுஷி மஸ்தான் பீவி. தீனாவுக்கு நேர்மை என்று தனியாக ஒன்று கிடையாது, பயம்தான் அவனை நேர்மையாக வைத்திருந்தது.

நர்மதாவுக்குச் சொன்னான். எழுதி அனுப்பியதும் முதலில் ஒரு சிரிப்பு ஸ்டிக்கர் வந்தது. அடுத்த நொடி அது அழிந்து, போன் வந்தது.

"டேய், நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அய்யோ. அத்னானுக்குச் சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்றா. இப்பவே சொல்லு."

அத்னான் மூன்றாவது தடவைதான் போனை எடுத்தான். தீனா ஆரம்பத்திலிருந்து சொன்னான். நடுவில் எங்காவது சிரிப்பான், கெட்ட வார்த்தையில் திட்டுவான் என்று எதிர்பார்த்தான். எதுவும் இல்லை. கடையில் யாரோ பெட்டியின் ஜிப்பை இழுத்துப் பார்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மாகிட்ட நீயே நேர்ல போயிச் சொல்லிரு" என்றான் அத்னான். "என்னால முடியாதுடா. எனக்குத் தெம்பில்ல."

வைத்துவிட்டான். கோபமா, வருத்தமா, விளங்கவில்லை. தெம்பில்லை என்ற சொல்லைத் தீனா, வண்டியை ராமாத்தாள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறிச் சேலம் போகும் வழியெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். மல்லூரில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. திரும்பினால் எங்கே போவது?

கோட்டைப் பகுதியில் அத்னான் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஆறு இருக்கும். கல்யாண வீட்டுக்குரிய குழப்பமெல்லாம் இருந்தது. அஸ்பியா கையில் மருதாணி டிசைன் பார்த்துக்கொண்டிருந்தவள், "தீனா, என் சேலை எங்கடா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். கரீம் பாஷா கட்டிலில் கண்ணயர்ந்திருந்தார். மஸ்தான் பீவி சமையலறைப் பக்கம் பாதாம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு. என்னா மூஞ்சி இப்படிக் கெடக்கு? சாப்ட்டியா?"

"அம்மா, ஒரு தப்பு பண்ணிட்டேங்கம்மா."

நின்றுகொண்டே சொன்னான். உட்கார்ந்தால் அழுதுவிடுவான் என்று பயம். சேலையில் முகம் வந்துவிட்டது, மூன்று வரிசை, அதுவும் அத்னான் முகம், வேண்டுமென்று செய்யவில்லை, விளையாட்டாகச் செய்தது ஃபைலில் தங்கிவிட்டது. மறைத்துவிடலாம் என்று நெசவுக்கார அக்கா சொன்னதையும் சொன்னான். பிரித்தால் பாவு கொஞ்சம் நையும் என்பதையும் சொன்னான். மஸ்தான் பீவியின் கை பாதாமில் நின்றுவிட்டது. அந்த அரை நிமிடத்தில் தீனா தன் ஏழு வருஷ வேலையையும் பத்து வருஷச் சிநேகிதத்தையும் கைகழுவிவிட்டான்.

"பிரிச்சிடச் சொல்லு" என்றார். "கொஞ்சம் நைஞ்சா நைஞ்சிட்டுப் போவுது. மறைக்காம வந்து சொன்ன பாரு, அது போதும். அஸ்பியாகிட்ட நான் பேசிக்கறேன்."

அவ்வளவுதான். தீனா தரையில் உட்கார்ந்தான். அங்கேயே ராமாத்தாளுக்குப் போன் போட்டு, விடிந்ததும் பிரிக்கச் சொல்லி, தானும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்து பிரிப்பதாகச் சொன்னான். உடல் ஃபைலில் இருக்கும் மாங்காயை எடுத்து முந்தானையில் நிரப்பி, சரியான ஃபைலை இன்றைக்கே கொண்டுவருவதாகவும் சொன்னான். அப்பாடா என்று இருந்தது. மூன்று மணி நேரமாக மூச்சே விடாதவன் அப்போதுதான் மூச்சு விட்டான்.

மஸ்தான் பீவிக்கும் மனசு லேசாகியிருக்க வேண்டும். உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது.

"எங்கே, என் மவன் எந்த லட்சணத்துல இருக்கான்னு காட்டு பாப்போம்."

தீனா ஸ்டிக்கரைக் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சிரிப்பார் என்று காத்திருந்தான். அவர் சிரிக்கவில்லை.

"இது மூஞ்சி மட்டும்தான் இருக்கு. முழுசா இருக்கா?"

இருந்தது. ஒரு வருஷத்துப் படங்களைத் தள்ளித் தள்ளித் தேடி எடுத்துக் கொடுத்தான். மஸ்தான் பீவி இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கினார். முகத்தில் ஆரம்பித்துக் கழுத்து, தோள், மடி என்று மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தார். மடிமேல் அத்னானின் கை விரிந்து கிடந்தது. உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து சிவந்திருந்தது. அக்குளில் பச்சை நிறக் கோட்டு ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தான். லாரி செட்டில் லோடு ஏற்றி இறக்குகிறவர்கள் போட்டுக்கொள்ளும் கோட்டு, சேலத்தில் அதைத் தெரியாதவர்கள் இல்லை.

அந்த முகத்தைத் தீனா கட்டம் கட்டமாக வரைந்தவன். மூக்குக்கு எத்தனை இழை, திறந்த வாய்க்கு எத்தனை இழை என்று மனப்பாடமாகச் சொல்வான். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு அவன் வசதிக்கு நன்றாக இருந்தது, சரிகையில் எடுப்பாக விழும் என்று இரண்டு இழை கூட்டிப் போட்டிருந்தான். அந்தக் கையை மட்டும் இன்றைக்குத்தான் பார்த்தான்.

"அவங்கத்தா விழுந்ததுலேருந்து, காலைல நாலு மணிக்கே ஜிம்முக்குப் போறேன்னு கெளம்பிருவான்" என்றார் மஸ்தான் பீவி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒடம்பு ஏறவே இல்லையேப்பான்னு கேப்பேன். சிரிப்பான். லோடடிக்கப் போயிருக்கான். அங்க முடிச்சிட்டுத்தான் கடைக்குப் போறான்."

அவர் படத்தை மறுபடி முகத்துக்கு நகர்த்தினார்.

"இது எப்போ எடுத்தது?"

"போன வருஷங்கம்மா. மூணு பேரும் நாமக்கல்லுல ஒரு விசேஷத்துக்குப் போனோம். அவன் இங்கிருந்து பஸ் ஏறி எனக்கு சீட்டு போட்டு வெச்சிருந்தான். நான் ஆண்டகளூர் கேட்டுல ஏறினப்பவே இப்படித் தூங்கிட்டு இருந்தான்."

"அப்ப நீ பக்கத்துலதான் ஒக்காந்திருந்த."

"ஆமாங்கம்மா."

மஸ்தான் பீவி போனை அவன் கையில் திருப்பிக் கொடுத்தார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்பவர் போலத்தான் கேட்டார்.

"எழுப்பி, கையில என்னப்பா காயம்னு ஒரு வார்த்தை கேக்கலையா கண்ணு?"

"இல்லைங்கம்மா" என்றான் தீனா. "போட்டோ எடுத்தேன்."